பதில் இருந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுதான் முதல் சிக்கல். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அதற்குள் போதுமான அளவு சுரந்திருக்காது. பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 282 தாய்மார்களிடம் ஆய்வு செய்து 1972இல் வெளியிட்டார்கள்.

அடுத்த பத்து வருடத்தில் வேறு சிலரும் இதையே சோதித்தார்கள். ஆனால் பலவும் சிறிய ஆய்வுகள். தனியாக எடுத்துப் படித்தால் 'பலன் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றுதான் முடியும். எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு 1989இல்தான் வந்தது. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கு இந்த ஊசிக்கு இவ்வளவு பலன் என்று தெரியவே இல்லை, அதனால் பல்லாயிரம் குழந்தைகள் தேவையில்லாமல் துன்பப்பட்டும் இறந்தும் போயிருக்கலாம் என்கிறது, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மீளாய்வு செய்யும் கோக்ரேன் அமைப்பு. 1993இல் தொடங்கிய அந்த அமைப்பின் சின்னமே இந்த ஆய்வுகளின் வரைபடம்தான்.

பல்கலைக்கழகத்தில் நான் செய்வது இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலை. கேள்வியை முதலில் கறாராக எழுதிவிட வேண்டும்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு. முடிவுகளைப் பார்த்த பிறகு நமக்குத் தோதாகக் கேள்வியை வளைக்கக் கூடாது என்பதால் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் பதிந்துவிடுவோம். அப்புறம் தேடல், ஆயிரக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகள் வந்து விழும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்போம், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. நான் 'வேண்டும்' என்று போட்டதை அவர் 'வேண்டாம்' என்று தள்ளியிருப்பார், திறந்து பார்த்தால் 'கர்ப்பத்தின் 34ஆம் வாரத்துக்கு முன்' என்ற ஒரு வரியை நான் களைப்பில் தாண்டிப் போயிருப்பேன். இரண்டு ஜோடிக் கண்கள் எதற்கு என்று அப்போது புரியும். பேசியும் தீராவிட்டால் மூன்றாமவர் முடிவு சொல்வார்.

ஒரே ஆய்வு இரண்டு இடத்தில் வேறு வேறு ஆசிரியர் பெயரோடு வந்திருக்கும், அதைப் பிடிக்காவிட்டால் ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணிவிடுவோம். வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் மருந்து பற்றிய ஆய்வுகளில் இப்படி மறைந்திருந்த நகல்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது என்று 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரை நம்பாமல் மருந்தின் அளவு, நோயாளிகளின் வயது, எண்ணிக்கை என்று வரிவரியாக ஒப்பிடுவது அதனால்தான்.

கடைசியில் வரைபடம். ஒவ்வொரு ஆய்வும் ஒரு படுக்கைக் கோடு, கோடு குட்டையாக இருந்தால் முடிவு உறுதியானது. நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு 'வித்தியாசம் இல்லை' என்பதைக் குறிக்கும், படுக்கைக் கோடு அதைத் தொட்டால் அந்த ஆய்வு தனியாக எதையும் தெளிவாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் கூட்டிய முடிவுதான் அடியில் வைர வடிவில் இருக்கும். சும்மா சராசரி எடுப்பதில்லை, துல்லியமான ஆய்வுக்கு எடை அதிகம். ஸ்டீராய்டு படத்தில் பல கோடுகள் நடுக்கோட்டை உரசுகின்றன, வைரமோ முழுவதும் இடப்பக்கம், அதாவது ஊசிக்குச் சாதகமான பக்கம்.

சரி, வைரம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பழைய ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாட்டு மருத்துவமனைகளில் நடந்தவை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கிராமப்புறங்களையும் சேர்த்து இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த பெரிய ஆய்வு 2015இல் வந்தபோது, மொத்தமாகப் பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. படித்தவர்கள் ஆடிப்போனார்கள். குறைமாதம் என்று கணித்து ஊசி போட்ட தாய்மார்களில் நிறையப் பேருக்கு மாதம் நிறைந்தே குழந்தை பிறந்திருந்தது.

பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் 2,852 கர்ப்பிணிகளைச் சேர்த்தது, கர்ப்ப வாரத்தை ஸ்கேன் வைத்து உறுதிசெய்துகொண்டு. 2020இல் வந்த முடிவில், ஊசி போட்ட தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளில் இறப்பு 19.6 சதவீதம், போடாதவர்களிடம் 23.5. அதே மருந்துதான். 2015இன் ஆய்வையும் 2020இன் ஆய்வையும் ஒரே வைரத்துக்குள் அடைப்பதா, பிரித்து வைப்பதா என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாள்கணக்கில் வாதாடுவோம், அந்த வாதம்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.