மழை வந்த பிறகும் தென்னை ஏன் காய் பிடிப்பதில்லை?

2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் பொய்த்துப் போனது. வழக்கமாகப் பெய்வதைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில், அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் உடுமலைப் பக்கம் மாமாவின் தோப்புக்குப் போயிருந்தேன். போர் வற்றி, டேங்கர் லாரித் தண்ணீரை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அடிமட்டைகள் ஒடிந்து, பாவாடை கட்டியது போல மரத்தைச் சுற்றித் தொங்கின. எப்படியோ பாதிக்கு மேல் மரங்களைக் காப்பாற்றிவிட்டார். அப்புறம் மழையும் வந்தது, ஓலையும் பச்சை பிடித்தது. ஆனால் 2018 கடைசியில் போன் செய்தபோது மாமா சொன்னது இதுதான்: "மழ பேஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு மாப்பிள்ள, மரம் நல்லாத்தான் நிக்குது, காய் மட்டும் பிடிக்க மாட்டேங்குது. என்ன மருந்து அடிக்கிறதுன்னே தெரியல."

மருந்தில் தீர்கிற விஷயம் இல்லை அது. ஏன் என்று புரிய, தண்ணீர் இல்லாதபோது ஒரு செடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்குக்கும் மேல் இலை வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. வீண் என்று தோன்றும், ஆனால் செடிக்கு வேறு வழி இல்லை. சர்க்கரை செய்யக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், அது உள்ளே வர இலைத்துளை திறந்திருக்க வேண்டும், திறந்தால் ஈரம் வெளியே போகும். நெல், தென்னை போன்றவற்றில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் 400, 500 தண்ணீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. சாப்பாடும் தாகமும் ஒரே வாசலில். வறட்சி பற்றிப் பேசும் எல்லாமே இந்த ஒரு நெருக்கடியிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வாசலுக்கு இரண்டு காப்புச் செல்கள் கதவு. பொட்டாசியம் உள்ளே ஏறினால் அதன் பின்னால் தண்ணீரும் ஏறும், செல்கள் உப்பி வளையும், நடுவில் துளை திறக்கும். மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். 1960களில் பருத்திக்காய் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டெடுத்ததால் உதிர்வைக் குறிக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆனால் இதன் பெரிய வேலை வேறு. இது காப்புச் செல்லைத் தொட்டதும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, செல் துவளுகிறது, கதவு மூடுகிறது. இலை வாடித் தொங்குவது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. அதாவது 'பயிர் இன்னும் வாடவில்லை' என்று நாம் தள்ளிப்போடும் நாட்களிலேயே பயிர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

தென்னையில் இங்கே ஒரு தனிச்சிறப்பு உண்டு. பொட்டாசியம் உள்ளே போகும்போது மின்சமநிலைக்கு எதிர்மின் துணை ஒன்று வேண்டும். பல செடிகள் அதற்கு மாலேட் என்ற பொருளைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. தென்னையோ பெரும்பாலும் குளோரைடை நம்பியிருக்கிறது. குளோரைடு பற்றாக்குறையுள்ள மரத்தில் துளைகள் காலையில் தாமதமாகத் திறக்கின்றன, வறட்சியில் தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் திறமையும் குறைகிறது. கன்று வைக்கும்போது குழியில் கல்லுப்புப் போடும் பழைய வழக்கத்துக்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. (ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் இதைச் செய்ய வேண்டாம்.)

சரி, கதவை மூடிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாமே? கொஞ்ச நாளைக்கு. பிறகு இரண்டு அபாயங்கள் காத்திருக்கின்றன.

ஒன்று பட்டினி. சர்க்கரை வரவு நின்றாலும் உயிர்ச்செலவு நிற்பதில்லை. 2002, 2003ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கம் நடந்த வறட்சியில், சீக்கிரமே கதவைச் சாத்திக்கொள்ளும் பின்யான் பைன் மரங்கள் பெரும் பரப்பில் மடிந்தன. கதவை நெடுநேரம் திறந்தே வைத்திருந்த ஜூனிப்பர் மரங்கள் அதே மண்ணில் பெரும்பாலும் பிழைத்தன. பைன் மரம் தன்னைத் துளைக்கும் வண்டைப் பிசின் சுரந்துதான் விரட்டும். அந்தப் பிசினைச் சுரக்கவும் சர்க்கரை வேண்டுமே.

இன்னொன்று நூல் அறுவது. உயரமான மரத்தின் உச்சிக்குத் தண்ணீரை யாரும் பம்ப் செய்வதில்லை. இலையில் ஆவியாகும் நீர் அடுத்த துளியை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, சைலம் என்ற நீர்க்குழாய்களுக்குள் வேர்வரை ஒரே நீர்நூலாகத் தண்ணீர் தொங்குகிறது. மண் காயக் காய இழுவிசை கூடி, காற்றழுத்தத்தைப் போல் 10, 20 மடங்குக்குப் போகும். ஒரு கட்டத்தில் குழாய்ச் சுவரின் நுண்துளை வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, குமிழி விரிந்து, நூல் பட்டென்று அறுந்துவிடும். அந்தக் குழாய் அதோடு வேலைக்கு ஆகாது. இந்தப் 'பட்' சும்மா உவமை இல்லை. 1966ல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் வாடும் ஆமணக்கு இலைக்காம்பில் உணர்கருவியை வைத்து இந்தச் சொடுக்குச் சத்தங்களைப் பதிவு செய்தார்கள். 2023ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தண்ணீர் இல்லாத தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 சொடுக்குகள்வரை எழுப்புவதை மைக்கில் பிடித்தார்கள். நம் காதுக்கு எட்டாத மீயொலி அது. தண்ணீர் குடித்த செடிகளில் மணிக்கு ஒன்றுகூட வரவில்லை.

எந்த மரம் இந்த விளிம்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது? உலகெங்கும் 81 இடங்களில் 226 காட்டு மர இனங்களை ஒப்பிட்டு 2012ல் வந்த ஆய்வின்படி, 70 சதவீத இனங்கள் மிகக் குறுகிய பாதுகாப்பு இடைவெளியில்தான் வாழ்கின்றன. மழை கொட்டும் காட்டில் நிற்கும் மரமும் அப்படித்தான். ஏனென்றால் ஒவ்வொரு மரமும் தன் ஊர் மழைக்கு ஏற்ப, ஆபத்துக்குக் கொஞ்சம் முன்னால்வரை குழாயை இழுத்துப் பிழைப்பு நடத்துகிறது. ஊர் மழை மாறினால் எல்லா ஊர் மரமும் தவிக்கும்.

இந்த இடத்தில்தான் வேம்புக்கும் தென்னைக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது, எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று தோன்றுகிறது. வேம்பின் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற வளரும் அடுக்கு இருக்கிறது. பழைய குழாய்களில் காற்றுப் புகுந்தாலும் மழை வந்ததும் புதுக் குழாய்களைக் கட்டிக்கொள்ளும். தென்னை, பனை வகைகளுக்குக் கேம்பியம் கிடையாது. தண்டில் எந்த வயதில் என்ன குழாய் அமைந்ததோ, ஐம்பது அறுபது வருடமானாலும் அதே குழாய்தான். மாற்றுப்பாகம் இல்லை. தண்டு பருப்பதும் இல்லை என்பதால், வறண்ட ஆண்டில் உச்சியில் உருவான பகுதி சிறுத்துவிட்டால் அந்த இறுக்கம் மரம் சாகும்வரை அப்படியே இருக்கும்.

மாற்றுப்பாகம் இல்லாதவர் எதை முதலில் விட்டுக்கொடுப்பார்? 1986ல் ஜான் ஸ்பெரி என்ற தாவரவியலாளர், ராபிஸ் என்ற சின்னப் பனை வகையில் காற்றுக்குமிழி எங்கே வருகிறது என்று தேடினார். இலைக்காம்புக் குழாய்களில்தான் இருந்தது, தண்டு தப்பித்திருந்தது. மட்டை போனால் புது மட்டை வரும், தண்டு போனால் எல்லாம் போச்சு. இந்தக் கோணத்தில் பார்த்தால், அந்தக் கோடையில் பாவாடைபோலத் தொங்கிய அடிமட்டைகளை மரம் தோற்றுப்போனதன் அடையாளமாக மட்டும் பார்க்க முடியாது. தண்டையும் குருத்தையும் காப்பாற்ற அது கொடுத்த விலை அவை.

இப்போது மாமாவின் கேள்விக்கு வரலாம். தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விடுகிறது, ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. நாம் வெளியே பார்க்கும் பாளை இன்று உருவானது இல்லை. குருத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத மொட்டாக அது தொடங்கியது ஏறக்குறைய 32 மாதங்களுக்கு முன். வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். ஆக, இன்று பறிக்கும் காயின் கதை 44 மாதங்களுக்கு முன்னால் ஆரம்பிக்கிறது! ஒரே நேரத்தில் மரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பாளைகள் வெவ்வேறு வயதில் வரிசையாக நிற்கின்றன, வறட்சி அத்தனையையும் ஒரே சமயத்தில் தாக்குகிறது, ஆனால் ஒவ்வொன்றையும் வேறு மாதிரி. குரும்பையாக இருந்தவை உடனே உதிர்ந்தன. ஐந்தாறு மாதக் காய்கள் சிறுத்தன. அதற்கும் மூத்தவை பருப்புப் பிடிக்காமல் மெலிந்தன. இவையெல்லாம் அந்த வருடமே கண்ணில் பட்டவை. ஒரு பாளையில் எத்தனை பெண் பூ என்பது வெடிப்பதற்கு ஏறக்குறைய அரை ஆண்டுக்கு முன் முடிவாகிறது. 2017 கோடையில் அந்தக் கட்டத்தில் இருந்து, பெண் பூ குறைந்துபோன பாளைகள் அந்த வருடக் கடைசியில் வெடித்து, 2018 கடைசியில் காயாக வர வேண்டியவை. மாமா போனில் புலம்பியது இந்தக் காய்களுக்காகத்தான். மரம் மழைக்குப் பிறகு நோய்வாய்ப்படவில்லை, பழைய தாகம் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

அதே தோப்புக்கு வெளியே மானாவாரிச் சோளம் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. வாடித்தான் இருந்தது, ஆனால் ஒரு தூறலுக்கு எழுந்துகொண்டது. சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே பிடித்துச் செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளவை. அதனால் துளையைக் கொஞ்சமே திறந்தால் போதும், தண்ணீர்ச் செலவு கிட்டத்தட்டப் பாதி. மேலே வெள்ளைப் பொடிபோல மெழுகுப் பூச்சு, வெயில் ஏறினால் இலை சுருண்டு குழலாகிவிடும். செல்லுக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது: மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே விசையைச் செடி தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை போன்றவற்றைச் செல்லுக்குள் சேர்த்துவைத்து, காய்ந்த மண்ணிலிருந்தும் மிச்ச ஈரத்தைத் தன்னிடம் இழுக்கிறது. வறட்சியில் இளஞ்சோளத்தில் சேரும் எல்லாமே நல்லது இல்லை. சயனைடு தரும் துரின் என்ற பொருளும் கூடும், வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு விழுந்து சாவது இதனால்தான். மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'காயாத பச்சை' சோள ரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து வந்த இந்தக் குணத்தை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் அலசியபோது ரகசியம் இலையின் பச்சையில் இல்லை என்று தெரிந்தது. அந்த ரகங்கள் ஆரம்பத்தில் தூர் குறைவாக வெடித்து, இலைப்பரப்பைச் சின்னதாக வைத்துக்கொள்கின்றன. அதனால் மண்ணில் மிஞ்சும் தண்ணீரைக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்கின்றன. கம்பிலும் இப்படி உண்டு. சில ரகங்கள் உச்சிவெயிலில் காற்று காய்ந்து கொதிக்கும்போது, மண்ணில் ஈரம் இருந்தாலும் துளையைப் பாதி சாத்திக்கொள்கின்றன என்பதை ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிலையத்தில் காட்டினார்கள்.

வேரைப் பொறுத்தவரை ஆழம்தான் பெரிய விஷயம். சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நெல்லில் ஐஆர் 64 ரகத்தின் வேர் பக்கவாட்டில் படரும். பிலிப்பைன்ஸின் ஒரு மேட்டுநில நெல்லிலிருந்து டிஆர்ஓ 1 என்ற ஒரே மரபணுவைச் சேர்த்ததும் வேர் செங்குத்தாக இறங்கி, வறட்சியிலும் மணி பிடித்தது, 2013ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஆழவேர் உள்ள செடி இரவில் கீழ் ஈரத்தை மேலே இழுத்து மேல்மண்ணில் கசியவிடுவதும் உண்டு, அந்த ஈரத்தைப் பக்கத்துச் செடியும் குடிக்கும். துவரையிலிருந்து கேழ்வரகுக்கு இப்படித் தண்ணீர் போவதையும், வேர்ப்பூஞ்சை இழைகள் அதற்கு உதவுவதையும் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கேழ்வரகுக்கு நடுவே துவரைச் சால் விடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தென்னையின் வேரோ பெரும்பாலும் மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள், ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்துக்குள்தான். ஆயிரம் அடி போர் போட்டாலும் மரத்துக்குத் தெரிந்த உலகம் அந்த வட்டம் மட்டுமே. அதனால்தான் வட்டப்பாத்தியில் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறார்கள். மட்டை தன் எடையைப்போல் 3 முதல் 5 மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஐந்தாறு வருடம் அந்த வேலையைச் செய்யும். தண்ணீர் இருக்கும் ஆண்டில் இதைச் செய்ய வேண்டும், வறட்சி வந்தபிறகு காய்ந்த மட்டையைப் புதைத்துப் பிரயோசனம் குறைவு. மாமா 2019ல் செய்தார். அதோடு ஒரு பழைய டைரியில் மாதாமாதம் பெய்த மழையைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். இப்போதெல்லாம் காய் குறைந்தால் மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் அந்த டைரியில் மூன்றரை வருடம் பின்னால் புரட்டிப் பார்க்கிறார்.