சைவ வீட்டுப் பிள்ளைக்கும் நாடாப்புழு வலிப்பு வரும்

காரைக்குடி வட்டாரத்தில் நரம்பியல் மருத்துவம் பார்க்கும் எனக்கு அடிக்கடி எதிர்ப்படும் காட்சி இது. அதுவரை நன்றாக இருந்த இளைஞருக்குத் திடீரென வலிப்பு வரும். ஸ்கேன் எடுத்தால் மூளையில் சிறு வளையம் போல ஒன்று தெரியும். பலருக்கு அது பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம், அதாவது ஒரு நீர்க்கட்டி. இதைச் சொன்னதுமே வீட்டார் முகம் மாறிவிடும்.

"எங்க வீட்டுல முட்டைகூட உடைக்கிறதில்ல தம்பி, பன்றிப் புழு எப்படி வரும்?" என்று பேரனைக் கூட்டிவந்த ஆச்சி ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை வெளியில் எதையோ தின்றுவிட்டதாக வீட்டில் சந்தேகம் வேறு. பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

நடப்பது இதுதான். சரியாக வேகாத பன்றிக்கறியில் நீர்க்கட்டி இருந்தால், தின்றவர் குடலில் அது நாடாப்புழுவாக வளரும். இரண்டு மூன்று மீட்டர் நீளம்கூட இருக்கும். பெரும்பாலும் அவருக்குத் தொந்தரவே தெரியாது. ஆனால் அவருடைய மலத்தில் புழுவின் துண்டுகள் வெளியேறும். முதிர்ந்த ஒரு துண்டில் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். அந்த முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் ஆபத்து. முட்டையிலிருந்து வரும் குஞ்சு குடலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, தசைக்கோ கண்ணுக்கோ மூளைக்கோ போய்க் கட்டியாகத் தங்கிவிடும். பல வருஷம் சத்தமில்லாமல் இருந்து, அது சாகும் நேரத்தில் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பைக் கிளப்பும்.

ஆக, கறி தின்பவர் ஒருவர், வலிப்பு வருபவர் இன்னொருவர் என்று ஆகலாம். நடுவில் இருப்பது கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சையாகத் தின்னும் இலை, காய்.

நம் ஊர் ஆட்டுக்கறிக் குழம்போ நண்டுக் குழம்போ எனக்குக் கவலை தருவதில்லை. அந்தக் கொதியில் புழு முட்டை பிழைக்காது. இறக்கிய பிறகு மேலே தூவும் கொத்தமல்லி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயப் பச்சடி, புதினாச் சட்னி, நறுக்கி வைத்த வெள்ளரி, இவைதான் கவலை. கல்யாண வீட்டில் ஆயிரம் இலை போடும்போது ஒருவர் கை எத்தனை இலைக்குப் போகிறது என்று யோசியுங்கள். சமையல்காரர்களைக் குறை சொல்லவில்லை. பின்கட்டில் அவர்களுக்குக் கழிப்பறையும் சோப்பும் தண்ணீரும் கொடுக்க வேண்டியது விசேஷம் நடத்துகிற வீட்டார் பொறுப்பு.

கீரையை உப்பு, மஞ்சள் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். முட்டை அதில் சாகாது. வேரை நறுக்கிவிட்டு, ஓடும் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்து அலசினால் பெருமளவு போய்விடும். வேகவைத்தால் முழு நிம்மதி.

ஸ்கேனில் தெரியும் இந்த வளையத்தை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். 1980களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகள் என்று காட்டினார்கள். ஒற்றைக் கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிவிடும். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வலிப்பு வந்தவருக்கு மருந்துக்கடையில் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். கட்டிகள் நிறைய இருந்தால் அவை ஒரேயடியாகச் செத்து மூளை வீங்கிவிடும். ஸ்கேன் பார்த்து, ஸ்டீராய்டு சேர்த்து, மருத்துவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை வேறு விஷயம், பிள்ளைகளுக்கு அதைத் தடுக்காதீர்கள்.

வலிப்பு வந்தவரோடு கதை முடியவில்லை. முட்டை எங்கிருந்தோ வந்திருக்கிறது. குடலில் புழு உள்ள அந்த ஆள் அதே வீட்டில் இருக்கலாம், சமையலுக்கு வருபவராகவும் இருக்கலாம். எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முட்டை தினமும் வெளியேறாது என்பதால், ஒரு நாள் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள்.