விசாரணை ஒரு முறைதான்: கிரிமினல் வழக்கில் கீழ்க்கோர்ட்டும் மேல்கோர்ட்டும்

கிரிமினல் வழக்கில் சிக்கியவரின் வீட்டார் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "இங்கே எப்படிப் போனாலும் பரவாயில்லை சார், ஹைகோர்ட்டில் பார்த்துக்கலாம்." இந்த நம்பிக்கையாலேயே கெட்டுப்போன வழக்குகள் நிறைய. உயர் நீதிமன்றத்தில் எல்லாம் முதலிலிருந்து நடக்கும், சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏறுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சாட்சி விசாரணை கீழ்க்கோர்ட்டோடு முடிந்துவிடுகிறது. மேலே இருப்பவர்கள் அங்கே பதிவானதைப் படித்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

எந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு என்பதைக் குற்றத்தின் தன்மை முடிவு செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தலைமைக் குற்றவியல் நடுவர் (சீஃப் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) 7 ஆண்டு வரை போகலாம். கொலை போன்ற வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. ஆனால் அவையும் முதலில் மாஜிஸ்திரேட்டிடம்தான் வரும். அவர் ஆவணங்களின் நகலைக் கொடுத்து, வழக்கைச் செஷன்ஸுக்கு அனுப்பிவைப்பார். அதுவரை வழக்குக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பி.ஆர்.சி. எண், அங்கே போனதும் எஸ்.சி. எண், அதாவது செஷன்ஸ் வழக்கு எண். எண் மாறியதைப் பார்த்து "வழக்கு மேலே போயிடுச்சே" என்று பதறுகிறார்கள். இது அப்பீல் இல்லை, விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் அதிகம் எச்சரிப்பது, குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றி. "ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள், அலைச்சலுக்குப் பயந்து இளைஞர்கள் தலையாட்டிவிடுவார்கள். அது முழுமையான தண்டனைத் தீர்ப்பு. பின்னால் அரசு வேலைக்கான சரிபார்ப்பில் அது முன்னால் வந்து நிற்கும். அப்போது அப்பீல் போகலாம் என்றால், ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையோ அது சட்டப்படி சரியா என்பதையோ மட்டும்தான் கேள்வி கேட்க முடியும். சில சிறு தண்டனைகளுக்கு அதுவும் கிடையாது.

இப்போது குறுக்கு விசாரணைக்கு வருகிறேன். மேல்கோர்ட்டில் நிற்கும் வழக்கும் விழும் வழக்கும் பெரும்பாலும் இங்கேதான் பிரிகின்றன. ஒரு சாட்சி போலீஸ் வாக்குமூலத்தில் "இருட்டில் ஆளை அடையாளம் தெரியவில்லை" என்று சொல்லியிருக்கிறார், கோர்ட்டில் வந்து "இவர்தான் வெட்டினார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. அந்த முரண்பாட்டைச் சாட்சியிடமே காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், அதை எழுதிய விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, அப்படித்தான் சொன்னாரா என்று அவரிடம் கேட்டுப் பதிய வேண்டும். இந்த இரண்டு கேள்விகளும் பதிவாகாமல் விட்டால், உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் அந்த முரண்பாட்டைப் பயன்படுத்துவது கடினம். காகிதம் வழக்குக் கட்டுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உதவாது.

சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்தேன் என்பதும் அப்படித்தான். கேமரா பதிவு, விடுதி ரசீது, உடன் இருந்தவர் எல்லாம் விசாரணைக் கோர்ட்டிலேயே வர வேண்டும். மேல்கோர்ட்டுக்குக் கூடுதல் சாட்சியம் எடுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் முன்பே கொண்டுவந்திருக்கக் கூடியதை ஏன் கொண்டுவரவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. இன்னொன்று, சாட்சி தடுமாறியதையும் முகம் மாறியதையும் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. மேலே இருப்பவர்களிடம் தட்டச்சுப் பக்கங்கள் மட்டுமே இருக்கும்.

சரி, தண்டனை வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளில் அப்பீல். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனைக்கு மட்டும் 30 நாள். தண்டனை 3 ஆண்டுக்கு மேற்படாமல், ஆளும் ஜாமீனில் இருந்தால், அப்பீல் போடுவதற்காகத் தீர்ப்பளித்த கோர்ட்டே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரலாம். அன்றைக்கே மனு கையில் தயாராக இருக்க வேண்டும். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை மறுபடி எடைபோடுவார்கள், தேவையென்றால் மேற்கொண்டு விசாரணைக்கும் உத்தரவிடுவார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் பெரும்பாலான வழக்குகள் சிறப்பு அனுமதி கேட்டுத்தான் போக முடியும், அந்த அனுமதி எளிதில் கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு சாட்சி முடிந்ததும், அவர் கோர்ட்டில் சொன்ன சாட்சியத்தின் நகலை வாங்கி, வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். விட்டுப்போன கேள்வி இருந்தால், அதே சாட்சியை மறுபடி அழைக்க அந்தக் கோர்ட்டிலேயே மனு போடலாம், தீர்ப்புக்கு முன்னால். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். சிறைக்குள் இருப்பவர் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அதைக் கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பது அவர் பொறுப்பு. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலும் இலவசம்தான்.