எந்த அன்ரிவைரஸ் நல்லது? முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஓட்டோவில் தம் கணினியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "படங்கள் எல்லாம் இருக்கின்றன தம்பி, ஒன்றுகூடத் திறக்கவில்லை" என்றார். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அறிமுகமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்டு ஓர் ஆங்கிலக் கடிதம். காலமான கணவரின் படங்கள், மகளின் கலியாணப் படங்கள், எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன.

அந்தக் கணினியில் காசு கொடுத்து வாங்கிய அன்ரிவைரஸ் இருந்தது. தவணை முடியவில்லை, அப்டேட்டும் ஒழுங்காக நடந்திருந்தது. ஆனால் முதல் நாள் இரவு பேரன் ஒரு விளையாட்டின் திருட்டுப் பிரதியை இறக்கியிருக்கிறான். நிறுவுவதற்கு முன் அன்ரிவைரஸை நிறுத்தும்படி அதில் எழுதியிருந்ததாம். பிள்ளை நிறுத்திவிட்டான்.

திருகோணமலையில் பல வருடங்களாகக் கணினி திருத்துகிறேன். "எந்த அன்ரிவைரஸ் நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் பெட்டியில் உள்ள பெயரைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. அந்தக் கணினியை யார் யார் தொடுகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகள் பாவிப்பதானால் அவர்களுக்கு நிர்வாகி உரிமை (கணினியின் அமைப்புகளை மாற்றும் அனுமதி) இல்லாத தனிக் கணக்கு ஒன்று திறந்து, நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பெரியவர்கள் வைத்திருக்க வேண்டும். அப்போது பாதுகாப்பை நிறுத்தப் பிள்ளை உங்களிடம் வந்து கேட்டாக வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அந்த ஆசிரியையின் வீட்டில் இதை யாராவது முன்பே செய்து கொடுத்திருந்தால் அந்தப் படங்கள் தப்பியிருக்கும்.

அடுத்த கேள்வி, வீட்டில் இன்டர்நெட் எப்படி? இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. இன்றைய அன்ரிவைரஸ்கள் பல, சந்தேகமான கோப்பு ஒன்றைக் கண்டதும் நிறுவனத்தின் சேவையகத்திடம் கேட்டுத்தான் முடிவெடுக்கின்றன. இணைப்பு இல்லாத நேரத்தில் அந்தப் பலம் குறைந்துவிடும். நம் பகுதியில் பல வீடுகளில் கைப்பேசி டேட்டாவை நாளில் அரை மணிநேரம் கொடுப்பார்கள். மிச்ச நேரம் கணினி இணைப்பின்றித்தான் ஓடும். அதே கணினியில்தான் போட்டோகொப்பிக் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைச் செருகுவார்கள். பாடசாலைச் செயற்றிட்டம் அச்சிடப் போன பென்டிரைவ் திரும்பி வரும்போது கோப்புறைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் அதே பெயரில் குறுக்குவழிகள் (ஷோர்ட்கட்) மட்டும் நிற்பதை நான் எண்ண முடியாத தடவை கண்டுவிட்டேன். அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் வைரஸ் உங்கள் கணினிக்கும் வந்துவிடும்.

ஒஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ஏவி-கம்பரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடம், தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்) சோதனை முடிவுகளில் இணைப்போடு பிடித்த விகிதத்தையும் இணைப்பின்றிப் பிடித்த விகிதத்தையும் தனித்தனியாக வெளியிடுகிறது. நம் ஊருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம் என்பேன். விண்டோஸோடு இலவசமாக வரும் டிபெண்டர் இணைப்பு இருக்கும்போது மிக நன்றாகப் பிடிக்கிறது. இணைப்பில்லாமல் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்குகிறது. ஆகவே வைஃபை எப்போதும் இருக்கும் வீட்டுக்கு டிபெண்டரே போதும் என்று தயங்காமல் சொல்கிறேன். இணைப்புக் குறைவாகவும் பென்டிரைவ் நடமாட்டம் அதிகமாகவும் உள்ள வீட்டுக்கு, இணைப்பின்றியும் நன்றாகப் பிடிக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது வீண்செலவு அல்ல.

ஜெர்மனியின் மாக்டபூர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பாவனை வசதி என்ற மூன்றுக்கும் தலா 6 புள்ளி வீதம் 18 புள்ளிகள் போடுகிறது. பாவனை வசதி என்பது, நல்ல கோப்பை வைரஸ் என்று சொல்லித் தவறாக அலறுகிறதா என்பதைப் பற்றியது. ஒரு தடவை வந்த புள்ளியை நம்பாமல் ஓராண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

வேகத்தை மட்டும் உங்கள் கணினியிலேயே சோதித்துவிடுங்கள். 4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் என்ன நடக்கும் என்பதைச் சோதனைக்கூடம் சொல்லாது. நிறுவுவதற்கு முன் ஒரு பெரிய கோப்புறையைப் பிரதியெடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது, நிறுவிய பின் எத்தனை நிமிடம் என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். இரண்டு அன்ரிவைரஸைச் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. ஒன்றின் வேலையில் மற்றது குறுக்கிட்டுக் கணினி திணறும்.

இலவசம் என்றால் அதன் தனியுரிமைக் கொள்கையை வாசியுங்கள். அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போனார்கள் என்ற தரவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. 2020இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அவாஸ்டை 1 கோடி 65 இலட்சம் டொலர் செலுத்த வைத்தது. நம்மைக் காக்க வந்த மென்பொருளே நம்மைக் கண்காணித்தது என்பதை என்னால் இன்றும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

புதுக் கணினியோடு வரும், கொஞ்ச நாள் மட்டும் இலவசமாக ஓடும் அன்ரிவைரஸ் பிரதியையும் கவனியுங்கள். அது இயங்கும் வரை டிபெண்டர் ஒதுங்கியிருக்கும். தவணை முடிந்த பிறகும் பலர் அதை நீக்காமல், மூலையில் தெரியும் சின்னத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, இப்போது எந்த மென்பொருள் காவலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவச அப்டேட், 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பழுதான கதவுக்கு எந்தக் காவலாளியாலும் முழுப் பொறுப்பு ஏற்க முடியாது.

அந்த ஆசிரியைக்குப் புது ஹார்ட் டிஸ்க் போட்டு, பேரனுக்குத் தனிக் கணக்குத் திறந்து கொடுத்தேன். படங்களை மாதம் ஒருமுறை பிரதியெடுத்துக் கழற்றி அலுமாரியில் வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கச் சொன்னேன். பூட்டப்பட்ட பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் முதலியவை 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், இவ்வகைப் பூட்டுகளுக்கான திறவுகோல்கள் கிடைக்கும்போது இலவசமாக வெளியிடுகிறார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அவருடைய கோப்புகளுக்கு உரியது இன்னும் வரவில்லை.