மண்ணைத் தொடாத தூண்கள்

மரத்தில் கட்டிய தேவாலயம் எண்ணூறு வருஷம் நிற்குமா என்று வாசகர் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டிருந்தார். நிற்கிறது. நார்வேயின் லார்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் போர்குண்ட் தேவாலயத்தின் மரங்கள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. ஆண்டு வளையங்களை வைத்துக் கணக்கிட்ட தேதி இது.

அதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்கள் எதுவும் மிஞ்சவில்லை. தூண்களைக் குழி தோண்டி நட்டதுதான் காரணம். பழைய வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த பகுதி ஓரளவு நன்றாக இருக்கும், மேலே இருந்ததும் நன்றாக இருக்கும். தரைமட்டத்தில்தான் மளுக்கென்று ஒடியும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, உயரத்தில் ஈரம் குறைவு. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் அந்த ஒரு சாண் இடம் அதற்கு விருந்து. போதாததற்கு, மரத்தின் வெட்டுமுகம் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை மேலே இழுக்கும்.

12-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் கண்ட வழி எனக்கு அலுக்கவே அலுக்காது. கட்டடத்தையே மண்ணிலிருந்து தூக்கிவிட்டார்கள். முதலில் கற்கள், அவற்றின்மேல் படுக்கையாக அடிச்சட்டங்கள், தூண்கள் அந்தச் சட்டங்களின்மேல். சுவர்ப் பலகைகள் செங்குத்தாக, சட்டத்தின் காடிக்குள் (செதுக்கிய நீளப் பள்ளத்துக்குள்) இறங்கி, ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடியில் பொருந்தி நிற்கும். அடியில் காற்று ஓடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை.

மரமும் லேசுப்பட்டதல்ல, பிசின் ஊறிய வைரம் பாய்ந்த பைன். அதற்குமேல் பைன் மரத்திலிருந்தே வடித்த தார்ப் பூச்சு. கூரை முகட்டில் டிராகன் தலைகளும் உண்டு, தீய சக்திகளை விரட்டவாம். என் ஓட்டு தாருக்கு! ஆனால் தாரைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். இப்படிப்பட்ட பராமரிப்புக்குக் காசு தர எந்த அரசுக்கும் லேசில் மனசு வராது. ஆனாலும் நார்வே 2001 முதல் 2015 வரை தனித்திட்டம் போட்டே செலவழித்தது.

இந்த மாதிரி மரத் தேவாலயங்கள் ஒருகாலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இன்று நார்வேயில் 28. பூஞ்சைக்குத் தப்பியவற்றில் பல, அரசாங்கச் சட்டத்துக்குத் தப்பவில்லை. தேவாலயத்தில் ஊர் மக்களில் பத்தில் மூன்று பங்கினர் உட்கார இடம் வேண்டும் என்றது 1851-ஆம் ஆண்டுச் சட்டம். சின்னச் சின்ன மரக்கோயில்கள் இடிபட்டன. போர்குண்டுக்குப் பக்கத்திலேயே 1868-இல் புதுத் தேவாலயம் எழுந்தது. பழையதை 1877-இல் தொன்மைப் பாதுகாப்புச் சங்கம் விலைக்கு வாங்கிக்கொண்டது.