பிட்ச் இன்: கூடமாட ஒரு கை

'பிட்ச் இன்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எழுதச் சொன்னால், பெரும்பாலும் 'பங்களி' அல்லது 'ஒத்துழை' என்றுதான் எழுதுகிறோம். இரண்டையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொடரில் இருக்கிற வேகம் இரண்டிலும் வருவதில்லை. வேலை மலைபோலக் கிடக்கிறது, ஆள் போதவில்லை, பக்கத்தில் நின்றவர் யாரும் கூப்பிடாமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். அதற்குத்தான் ஆங்கிலத்தில் பிட்ச் இன் என்று பெயர். வேலை பலருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும், வருகிறவர் தானாக வர வேண்டும், வந்ததும் கையை வைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல் அங்கே பொருந்தாது.

'பிட்ச்' என்பதன் பழைய பொருள் குத்துவது, அழுத்தி ஊன்றுவது. இடைக்கால ஆங்கிலத்தில் 'பிச்சென்' என்று வழங்கிய வினை இது. கூடாரம் போடுவதை ஆங்கிலத்தில் பிட்ச் என்று சொல்வது முளைகளைத் தரையில் அடித்து இறக்குவதால்தான். நாமும் 'கூடாரம் அடித்தார்கள்' என்றே சொல்கிறோம். கிரிக்கெட் ஆடுகளத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான்: ஸ்டம்புகளை ஊன்றுவதை முதலில் பிட்ச் என்றார்கள், பிறகு ஊன்றிய இடமே பிட்ச் ஆகிவிட்டது. சேப்பாக்கம் பிட்ச் சுழலுக்கு உதவுமா என்று பேசும்போது நாம் சொல்வது அந்தப் பழைய ஊன்றுதலைத்தான். தாரைக் குறிக்கும் பிட்ச் வேறு. அது லத்தீனிலிருந்து வந்த தனிச்சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குத்துவது என்ற பொருளிலிருந்து, குத்தித் தூக்கி எறிவது என்ற பொருளும் கிளைத்தது. வைக்கோலை வாரி வண்டியில் ஏற்றும் நீண்ட கவைக்கோலை ஆங்கிலத்தில் பிட்ச்ஃபோர்க் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 'பிட்ச் இன்' வழக்குக்கு வந்தபோது, அதன் பின்னணியில் இந்தப் பண்ணை வேலை இருந்திருக்கலாம் என்று சொற்பிறப்பு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். மழை வருவதற்குள் காய்ந்த புல்லை வண்டியேற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் அண்டை வீட்டாரும் கவைக்கோலோடு வந்து நிற்பதை நினைத்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் இதன் பொருள் வேலையில் மும்முரமாக இறங்குவது மட்டுமே. சாப்பாட்டில் பாய்வதற்கும் இதையே சொல்வார்கள். இதன் உறவுத் தொடரான 'பிட்ச் இன்டு' ஒருவர்மேல் பாய்ந்து தாக்குவதைக் குறித்தது. சேர்ந்து உதவுவது என்ற பொருள் பிறகுதான் மேலோங்கியது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்துக்கு அங்கே 'பிட்ச் இன்' என்று பெயர். மற்ற மாநிலங்களில் அதையே பாட்லக் என்பார்கள். 1970களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குப்பை போடாதீர்கள் என்ற பிரச்சாரத்துக்கும் இந்தத் தொடரை எடுத்துக்கொண்டார்கள். குப்பையைத் தொட்டிக்குள் எறி, நீயும் சேர்ந்து உதவு என்று இரண்டு அர்த்தமும் ஒரே தொடரில் வந்ததால் அது நன்றாக எடுபட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஒத்துழைப்பு' நல்ல சொல்தான். 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் அதன் எதிர்மறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனால் ஒத்துழைப்பில் ஓர் இசைவும் சம்மதமும்தான் முன்னால் நிற்கின்றன. விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்கிறோம். அங்கே அவர் கையால் எந்த வேலையும் செய்யவில்லை. 'கூட்டுறவு' சங்கத்துக்குப் போய்விட்டது. 'பங்களிப்பு' பாராட்டு மடலுக்கும் ஆண்டறிக்கைக்கும் உரிய சொல்லாகிவிட்டது. பாத்திரம் கழுவ வந்தவரைப் பங்களித்தார் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டில் பேசும் தமிழில் இதற்குச் சரியான சொல் எப்போதும் இருந்திருக்கிறது: கூடமாட. கல்யாண வீட்டில் 'கூடமாட இருந்து பாத்துக்கோம்மா' என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'அவன் நல்ல பிள்ளை, அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பான்' என்பார்கள். பீரோவை நகர்த்தும்போது 'அண்ணே, ஒரு கை பிடிங்க' என்று கேட்கிறோம். இவற்றை எழுத்துத் தமிழில் சேர்க்கத் தயங்குவதால்தான் பங்களிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடமாட, ஒத்தாசை, ஒரு கை பிடி ஆகிய மூன்றையும் தயங்காமல் எழுத வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்சம் பெரிய அளவில் நடப்பதாக இருந்தால் 'இறங்கு' என்ற வினை போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். அதை 'மீட்புப் பணியில் மீனவர்களும் பங்களித்தனர்' என்று எழுதினால் வாக்கியம் படுத்துவிடும். 'மீனவர்களும் படகோடு இறங்கினார்கள்' என்று எழுதிப் பாருங்கள்.

குடிமராமத்து என்றே மொழிபெயர்க்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ஏரி, வாய்க்கால்களை ஊர்க்காரர்களே கூடிச் செப்பனிடும் வழக்கம் அது. ஆனால் அது முறைவைத்துச் செய்யும் கடமை. மதராஸ் மாகாணத்தில் 1858இல் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம் அதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது. சட்டம் போட்டு வரவழைக்கும் கையைப் பிட்ச் இன் என்று சொல்ல முடியாது.

பணம் என்று வரும்போது ஆங்கிலத்தில் பக்கத்திலேயே 'சிப் இன்' நிற்கிறது. சூதாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக நடுவில் போடும் வில்லைகளுக்குச் சிப் என்று பெயர். அதிலிருந்து பிறந்த இதுவும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தொடர்தான். நண்பருக்குப் பரிசு வாங்க 'ஆளுக்கு இருநூறு போடலாம்' என்கிறோமே, அந்தப் 'போடு'தான் இதற்குச் சரியான தமிழ். மொய் வேறு கணக்கு, அது நோட்டில் ஏறித் திரும்பி வர வேண்டியது. பிட்ச் இன்னையும் பணத்துக்குச் சொல்வதுண்டு, ஆனாலும் அதன் சொந்த இடம் உடலுழைப்புதான்.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலையைக் குறிக்கும் சொல்லை இதற்கு நேரடிச் செயப்படுபொருளாகப் போட முடியாது. எதில் உதவினார் என்று சொல்ல 'வித்' சேர்க்க வேண்டும்: 'ஷீ பிட்ச்டு இன் வித் தி குக்கிங்'. தமிழில் 'சமையலில் அவரும் கூடமாட ஒத்தாசை செய்தார்'. அப்புறம், புதுத்தொழில் தொடங்குகிறவர்கள் முதலீட்டாளர் முன் செய்யும் 'பிட்ச்' தன் யோசனையை எடுத்துவைத்து ஆதரவு கேட்பது. அதையும் இதையும் கலந்து, கூட்டத்தில் யோசனை சொல்வதற்கெல்லாம் 'பிட்ச் இன்' என்று அலுவலக மின்னஞ்சல்களில் எழுதுகிறார்கள். யோசனையை மட்டும் சொல்வதாக இருந்தால் 'சஜஸ்ட்' என்ற எளிய சொல்லே போதும்.