பிரிகேட்: ஆமியோ, நேவியோ?

பொது அறிவுப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்த மருமகன் கொப்பியோடு வந்து நின்றான். "மாமா, 1959இலை கஜபாகு பிரிகேட்டை வாங்கினவை எண்டு போட்டிருக்கு. ஆமி பிரிகேட்டை எப்பிடிக் காசு குடுத்து வாங்கிறது?"

நல்ல கேள்வி. தமிழில் 'பிரிகேட்' என்று எழுதினால் அது இரண்டு வேறு ஆங்கிலச் சொற்களுக்கும் பொது. ஒன்று தரைப்படையின் ஒரு பிரிவு. பிரிகேடியர் என்ற பதவிப் பெயர் அந்தக் குடும்பம். மற்றது கப்பல். ஆங்கிலத்தில் வாயைத் திறந்த உடனேயே வேறுபாடு தெரிந்துவிடும், தமிழ் எழுத்தில் அது கரைந்துபோகிறது. ஆய்தம் சேர்த்து 'ஃபிரிகேட்' என்று எழுதினால் ஓரளவு தப்பலாம். ஆனால் அச்சுக்குப் போகிற வழியில் அந்த மூன்று புள்ளியும் பெரும்பாலும் விழுந்துவிடும். போதாததற்குக் கப்பலின் பெயர் கஜபாகு. எங்கள் பக்கத்தில் 'கஜபா' என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1983இல் தொடங்கிய தரைப்படை ரெஜிமென்ட்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று 'கஜபாகு பிரிகேட்' என்று வாசித்துவிட்டு ஆமியை நினைத்தால் அதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை.

சரி, கப்பலுக்கு வருவோம்.

சொல் பிறந்தது மத்தியதரைக் கடற்பக்கம். இத்தாலிய மொழியில் 'பிரெகாத்தா'. 14ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருக்கிறது. துடுப்பு வலித்து ஓட்டும் சின்ன, வேகமான கலம் என்பதுதான் அப்போதைய பொருள். பெரிய கலங்களுக்குப் பக்கத்துணையாக ஓடித்திரியும். இத்தாலியச் சொல்லின் வேர் எது என்பதில் மொழியறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சுக்காரர் அதை எடுத்தார்கள், போர்த்துக்கேயர் 'பிரகாத்தா' என்றார்கள், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் பொருள் இறுகியது. மூன்று பாய்மரம், ஒரே ஒரு முழுப் பீரங்கித் தட்டு, ஏறக்குறைய 28 முதல் 44 வரை பீரங்கிகள். அணிவகுத்து நின்று அடிபடுவது பெருங்கப்பல்களின் வேலை. வேவு பார்ப்பது, செய்தி கொண்டோடுவது, வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போவதெல்லாம் பிரிகேட்டின் வேலை.

அந்தக் காலத்துப் பிரிகேட்டை இன்றும் கண்ணால் பார்க்கலாம், அதுவும் எங்களுக்குத் தெரிந்த பெயரோடு. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் 'திருகோணமலை' என்ற கப்பல் மிதக்கிறது. ஆங்கிலேயர் வாயில் 'டிரிங்கோமலி'. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற் கம்மியர்கள் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கியது. 1782இல் திருகோணமலைக் கடலில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையை நினைத்து வைத்த பெயர். இந்தக் கப்பலை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கட்டும்போது அது 46 பீரங்கிப் பிரிகேட். 1840களில் பீரங்கிகளைக் குறைத்து 26 ஆக்கினார்கள். உடனே அது 'கொர்வெட்' என்ற கீழ்வகுப்புக்கு இறங்கிவிட்டது. அதே தேக்கு, அதே அடிக்கட்டை, அதே பாய்மரம். வகைப்பெயர் மட்டும் மாறிப்போனது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1860இல் பிரித்தானியர் கடலில் இறக்கிய 'வொரியர்' என்ற இரும்புக் கப்பல் அன்றிருந்த எந்தப் போர்க்கப்பலையும் அடித்து நொறுக்கக்கூடியது. ஆனாலும் பீரங்கித் தட்டு ஒன்றுதான் என்பதால் ஏட்டில் அது பிரிகேட். பிறகு 'குரூசர்' என்ற பெயர் வந்து இந்தச் சொல்லைத் தள்ளிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் 'பிரிகேட்' ஏட்டில் தூங்கியது.

அதை எழுப்பியவர்கள் கனடாக்காரர். இரண்டாம் உலகப் போரில் அத்திலாந்திக் கடலில் யேர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காவலுக்குப் போன கொர்வெட்டுகள் சிறியவை, கப்பலைத் தள்ளும் சுழலியும் ஒன்றுதான். அலையில் கிடந்து உருளுமே தவிர நெடுந்தூரம் தாங்காது. இரட்டைச் சுழலியும் கூடிய நீளமும் கொண்ட புதுவகை ஒன்றைப் பிரித்தானியர் வடிவமைத்தபோது அதற்கு முதலில் இருந்த பெயர் 'இரட்டைச் சுழலிக் கொர்வெட்'. கனடாக் கடற்படைத் தலைமை, பழைய 'பிரிகேட்' என்ற பெயரை வைக்கலாமே என்றது. 1943இலிருந்து அந்தப் பெயர் நின்றது. 'றிவர்' வகுப்பு என்று பெயர். ஏறக்குறைய 92 மீற்றர் நீளம், 20 நொட் வேகம், முன்பின்னாக 4 அங்குலப் பீரங்கிகள், நீரடியில் வெடிக்கும் குண்டுகள்.

மருமகனின் கொப்பியில் இருந்த கப்பல் அந்த வகுப்புத்தான். 1944இல் மொன்றியலில் 'ஹலோவெல்' என்ற பெயரில் சேவையில் இறங்கி, அத்திலாந்திக்கில் கப்பற்றொடர்களுக்குக் காவல் போயிற்று. போர் முடிய 1945இல் ஓய்வு. தனியாருக்கு விற்கப்பட்டுக் கைமாறி, பிறகு இஸ்ரேல் கடற்படைக்குப் போய் 'மிஸ்நாக்' ஆனது. 1959இல் இலங்கை அதையும் அதே வகுப்பைச் சேர்ந்த இன்னொன்றையும் வாங்கியது. ஒன்று கஜபாகு, மற்றது மகாசேன. அரசர் பெயரை வைக்கும் வழக்கம் கடற்படையின் முதற் கப்பலான 'விஜய'விலேயே தொடங்கிவிட்டது. 1971 கிளர்ச்சியின்போது கடற்படை ஆட்கள் தரையில் சண்டைக்கு இறக்கப்பட்டார்கள். கப்பலுக்கு ஆள் இல்லாத நிலை. 1978இல் கஜபாகு உடைப்புக்குப் போய்விட்டது. பெயர் மாறி ஊர் மாறிப் போவது கப்பல்களின் தலைவிதி. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'.

பெயர் மட்டும் சாகவில்லை. 2019 யூன் மாதம் கொழும்பில் இன்னொரு கஜபாகு சேவையில் இறங்கியது. அது அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் 1968இலிருந்து ஓடிய 'ஷெர்மன்'. ஜோன் ஷெர்மன் என்ற திறைசேரிச் செயலாளரின் பெயர். கரையோரக் காவற்படை முன்னர் திறைசேரிக்குக் கீழ் இருந்ததால் அந்த வழக்கம். வியட்நாம் போரைப் பார்த்த கப்பல். 2007இல் பனாமாக் கொடியோடு போன சரக்குக் கப்பல் ஒன்றில் 17 தொன்னுக்கு மேல் கொக்கேய்ன் பிடித்ததும் இதுதான். நீளம் ஏறக்குறைய 115 மீற்றர். பழைய கஜபாகுவைவிட 20 மீற்றருக்கு மேல் நீளம், எடையும் கூட. ஆனால் இது பிரிகேட் இல்லை, 'ரோந்துக் கப்பல்'. நீர்மூழ்கியோடு மல்லுக்கட்டுவது இதன் வேலை அல்ல. கடல் எல்லையைச் சுற்றிவருவதும் கடத்தலைப் பிடிப்பதும்தான் வேலை.

ஆகவே பிரிகேட் என்ற பெயர் உருவத்தையோ அளவையோ பார்த்து வருவதில்லை. தமிழில் அதற்கு வழங்குகிற சொற்கள் எனக்குத் திருப்தி தராதது இதனால்தான். 'போர்க்கப்பல்' என்று போட்டுவிடலாம், செய்தித் தலைப்புக்கு அது போதும். ஆனால் நாசகாரிக் கப்பலும் போர்க்கப்பல், கொர்வெட்டும் போர்க்கப்பல். மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் மொழிபெயர்ப்பவர் தலையைச் சொறியவேண்டியதுதான். 'விரைவுப் போர்க்கப்பல்' பாய்மரக் காலத்துக்குப் பொருந்தும், இன்றைய பிரிகேட்டைவிட விரைவாக ஓடும் படைக்கலங்கள் ஏராளம். 'காவற்கப்பல்' என்று எழுத எனக்கும் ஆசைதான்; ஊர்காவற்றுறை என்று ஊருக்கே பெயர் வைத்த மண் இது. ஆனால் அந்தச் சொல்லைக் கரையோரக் காவற்படை ஏற்கனவே பிடித்துவைத்திருக்கிறது.

நான் எழுதுவது 'வழித்துணைப் போர்க்கப்பல்'. துணை என்ற சொல் எங்கள் ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். சின்ன வயதில் பெரியம்மா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரப் பனங்காணி ஒன்றைக் கடக்கவேண்டும். பொழுதுபட்டால் யாராவது ஒருவர் அரிக்கன் லாம்பும் தடியுமாகத் துணைக்கு வருவார். யாரோடும் சண்டை பிடிக்க அவர் வருவதில்லை. இரண்டடி முன்னால் நடப்பார், காவோலை சரசரத்தால் நின்று காதைக் கொடுப்பார், பாம்பென்றால் தடியை ஓங்குவார். 1944இல் ஹலோவெல் செய்ததும் அதைத்தான். சரக்குக் கப்பல்களின் ஓரமாகப் போய், தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் சத்தத்துக்குக் காது கொடுத்து, நீர்மூழ்கி என்றால் குண்டு போடுவது. முதன்முதல் இத்தாலியத் துடுப்புக்கலம் பெரிய கலங்களுக்குப் பக்கத்தில் ஓடியதும் துணைக்குத்தான். சொல் நீளம் என்று ஒரு குறை சொல்லலாம். சொல்லட்டும். 'ரோந்துக் கப்பல்' ஒருகாலத்தில் நாக்கில் ஏறாத சொல்தான்.

இனிப் பெயருக்கு உரியவர். கஜபாகு அனுராதபுரத்திலிருந்து ஆண்ட அரசர், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. 'கஜபாகு' என்று கிரந்த எழுத்துப் போட்டு எழுதும்போது ஏதோ நேற்று இறக்குமதியான பெயர் போலத் தெரிகிறது. சிலப்பதிகாரம் இவரை எப்போதோ தமிழாக்கிவிட்டது. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்தபோது வந்து வணங்கிய அரசர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" ஒருவர். கஜம் என்றால் யானை, தமிழில் கயம். பாகு என்றால் தோள், தமிழில் வாகு. யானைத் தோளன். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு பாதிக்கும் அகராதி தேவையில்லை. மார்கழியில் பிள்ளையார் கோயில்களில் சூரன்போர் நடக்கும்போது தும்பிக்கையோடு ஆடிவருபவன் கயமுகாசுரன். கந்தபுராணப் படிப்பில் சூரனிடம் தூது போகிறவர் வீரவாகுதேவர். இவனுடைய முதற்பாதியையும் அவருடைய பின்பாதியையும் ஒட்டினால் கயவாகு. யேர்மனி, யப்பான், யூன், யூலை என்று ஜகரத்தைத் துரத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. இந்த ஒரு பெயரில் மட்டும் ஜகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இடையில் ஒரு வேலிபோட்டு வைக்கிறேன். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான 'கயிற்ஸ்', போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறைக்கு வைத்த பெயரில் மிஞ்சிய துண்டு என்பார்கள். அதில் 'கயிஸ்' என்பது துறைமேடைக்கான போர்த்துக்கேயச் சொல். கயத்துக்கும் கயிற்ஸுக்கும் ஒட்டுறவு கிடையாது. யாராவது கட்டுரை எழுதிவிடுவதற்கு முன்னர் சொல்லிவிட்டேன்.

கயவாகு கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார் என்பதும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் உள்ள செய்திதான். ஆடித் திங்களில் விழா எடுத்தார், மழை பெய்தது, விளைவு பெருகியது என்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளையில் கண்ணகை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற வழக்கம் இன்றும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுமுக நாவலர் காலத்துக்குப் பிறகு கண்ணகை கோயில்கள் பல அம்மனின் வேறு பெயர்களுக்கு மாறின. அதனால் கண்ணகையோடு வந்த கயவாகுவும் எங்கள் பேச்சிலிருந்து கொஞ்சம் விலகிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

இதே கூத்துத்தான் காரைநகரிலும். அங்குள்ள கடற்படைத் தளத்துக்கு எல்லாளனின் பெயர். சிங்களத்தில் 'எலார', ஆங்கிலத்தில் 'எலாரா'. தமிழ்ச் செய்தியிலும் 'எலாரா' என்றே திரும்பி வருகிறது. எல்லாளன் என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு உடனே ஆள் தெரியும். எலாரா என்றால் ஏதோ பெண்பிள்ளையின் பெயர் மாதிரி இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபிறகு மருமகனுக்குக் கதை ஒன்றும் சொன்னேன். மகாவம்சத்தில் இல்லை, பிற்காலச் சிங்கள நூலான இராஜாவலிய சொல்வது. சோழநாட்டுக்குச் சிறைபோன 12,000 பேரை மீட்கக் கஜபாகு புறப்படுகிறார். கூட நீலன் என்ற இராட்சதப் பலசாலி மட்டும். கடற்கரைக்கு வந்ததும் இரும்புத் தண்டால் கடலில் ஓர் அடி. கடல் பிளந்து வழிவிடுகிறது. நடந்தே அக்கரை சேர்கிறார்கள்.

"கப்பலே இல்லாமல் கடலைக் கடந்த ஆளின்ரை பேரையோ மாமா கப்பலுக்கு வைச்சவை?" என்றான்.

கொப்பியில் 'பிரிகேட்' என்ற சொல்லை வெட்டி, மேலே சின்னதாக 'வழித்துணைப் போர்க்கப்பல்' என்று எழுதிக்கொண்டான். கஜபாகுவை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். போட்டியில் அப்படித்தான் கேட்பார்களாம்.